முந்தானையில் இரு பெயர்கள்

நதியாவின் கைப்பேசியில் ஒரே செய்தி மும்முறை வந்து விழுந்தது. 'முகூர்த்தப் புடவை பதிவானது. முகூர்த்த நாள்: ஜனவரி 1. முந்தானையில் நெய்ய வேண்டிய பெயர்கள்: மணமகள் நதியா, மணமகன் லோகேஸ்வரன்.'

எதிர் மேசையில் இருந்த லோகேஸ்வரன் கணினித் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்றின் மாடியில், அக்கடையின் இணைய விற்பனைக்கு ஜாவாஸ்கிரிப்ட் நிரல் எழுதுவோர் அவ்விருவரே. இரண்டாண்டுகளாக அவள் வாய்விட்டுச் சொல்லத் துணியாததை அவன் பட்டிலேயே நெய்யச் சொல்லிவிட்டான்! மூன்று முடிச்சுக்கு மூன்று செய்தி என்று எண்ணியதும் அவள் கண்கள் நிறைந்தன.

மாடிப்படிக்கு ஓடி அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"வாலாஜாபாத்காரங்கள வர வேணாம்னு சொல்லிடும்மா."

"இன்னாடி சொல்ற? அஞ்சு மணிக்குப் பொண்ணு பாக்க வராங்க, கேசரி கிண்டிக்கினு இருக்கேன்! மூணு வருசத்துல இந்த ஒரு எடந்தான்டி நம்மள மதிச்சு வருது."

"எனக்கு மாப்ள கெடச்சிட்டாரும்மா. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

பத்து நிமிடத்தில் அம்மாவே திரும்ப அழைத்தாள்.

"சொல்லிட்டேன். இனிமே உங்க வாசப்படி மிதிக்க மாட்டோம்னு போன வெச்சிட்டாங்க."

நதியா முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் வந்தாள். லோகேஸ்வரன் அவளுக்காகவே காத்திருந்தவன்போல நிமிர்ந்தான்.

"நதியா, மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"எத்தினி தபா?"

"மூணு தபா." அவளால் அவனை நேருக்கு நேர் பார்க்க இயலவில்லை. "ஒரு தபா சொன்னாலே போதாதா?"

"அத்தத்தாம்பா நானும் கேக்கறேன்! ஆர்டர் வந்துச்சுன்னு ஈவென்ட்ட நான் ஒரு தபாதான் எழுப்பினேன். கார்ட்டு, பில்லு, டெலிவரின்னு மூணு மாட்யூலும் மெசேஜ் அனுப்பற மாட்யூல தனித்தனியா இழுத்து வெச்சிக்கினு இருக்குது. ஒன்னு சொன்னா மூணு காது கேக்குது. ஒரே எடத்துல கட்டினாதான் சரியாவும்."

அவள் நாற்காலியின் முதுகைப் பற்றிக்கொண்டாள்.

"அப்போ... அந்தப் பேரு?"

"டெஸ்ட்டுக்கு எதுனா ஒரு தேதி, பேரு, நம்பர் வேணும்ல? மார்கழில எவன் முகூர்த்தம் வெப்பான்? மாப்ளைக்கு என் பேர போட்டேன், எதிர்ல உன் ஐடி கார்டு தொங்கிக்கினு இருந்துச்சு, பாத்து அடிச்சேன்."