நெகட்டிவ் இல்லாத படம்

“என் பொண்டாட்டி எவனுக்குக் குடுக்கப் போட்டோ எடுத்தா? மொதல்ல அதைச் சொல்லு.”

ராஜபாளையத்தில் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன ஸ்டூடியோவுக்குள் தனுஷ்கோடி செருப்போடு ஏறியிருந்தான். வாசலில் அவன் பொண்டாட்டியின் அண்ணன் கருத்தப்பாண்டி நின்றான். கூமாப்பட்டிக்காரன், பட்டாளத்திலிருந்து லீவில் வந்தவன். உங்க தங்கச்சி லட்சணத்தை நேரில் வந்து கேளுங்க என்று தனுஷ்கோடிதான் அவனை இழுத்து வந்திருந்தான்.

ஞானபாக்கியம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எடுத்த கையோடு படம் தரும் இன்ஸ்டன்ட் கேமராவை வைத்து அந்த ஊரில் தொழில் செய்தவள் அவள் ஒருத்திதான். வெயிலில் படம் சிவந்துபோகும் என்று பிலிமைச் சோடாக்கடை பிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றுவாள். கறுத்த முகத்தைப் பவுடர் இல்லாமலே ஜன்னல் வெளிச்சத்தில் துலங்க வைப்பாள்.

போன வருஷம் எதிர்த்தாற்போலவே கலர் லேப் வந்தது. இனிமேல் இன்ஸ்டன்ட் கேமரா பிலிம் வராது என்று மதுரைக் கடைக்காரர் கையை விரித்துவிட்டார். லேப்காரர்கள் காலேஜ் பிள்ளை ஒருத்தியின் படத்தை அவளைக் கேட்காமலே பெரிதாக்கிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்கள். அவளுக்குப் பேசி வைத்த சம்பந்தம் முறிந்தது. அதற்குப் பிறகும் ஊர் முழுக்க அங்கேதான் போயிற்று. ஞானபாக்கியத்துக்கு அந்த ஆத்திரம் ஆறவே இல்லை.

ஆனாலும் சில பெண்கள் அவளைத்தான் தேடி வந்தார்கள். கழுவ, பிரிண்ட் போட என்று எந்த ஆம்பளை கைக்கும் அவள் எடுக்கிற படம் போகாது.

அப்படித்தான் போன வாரம் தனுஷ்கோடியின் பொண்டாட்டி வெள்ளத்தாயும் வந்தாள். கதவைச் சாத்தச் சொன்னாள். பேசி முடிக்கும் வரை நாற்காலியில் சாயாமல் நுனியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஆடிப்பூரத் தேரை எடுக்க ஆசையாக வைத்திருந்த கடைசி பிலிமை ஞானபாக்கியம் அவளுக்காகச் செலவழித்தாள். நான் ஊரைத் தாண்டுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க அக்கா என்று கையைப் பிடித்துக் கேட்டுவிட்டுத்தான் போனாள் வெள்ளத்தாய்.

அவள் வந்து போனதைச் சோடாக்கடையில் யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு எடுத்த படம் எனக்குத் தெரியாமல் எங்கே போயிற்று என்று கத்தினான் தனுஷ்கோடி. ஊர் ஊருக்குப் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற குடும்பம், அதன் மானத்தை இரண்டு பொம்பளைகள் சேர்ந்து விற்றுவிட்டீர்கள் என்றான்.

நெகட்டிவைக் கேட்டான். இந்தக் கேமராவில் நெகட்டிவே கிடையாது, ஒரே ஒரு படம்தான் வரும் என்றாள் ஞானபாக்கியம். அவன் நம்பவில்லை. அலமாரியில் இருந்ததையெல்லாம் தரையில் வாரிப் போட்டான். கடைசியில் கேமராவையே தூக்கி அடித்தான். லென்ஸ் தெறித்துப்போய்க் கருத்தப்பாண்டியின் காலடியில் விழுந்தது.

ஞானபாக்கியம் சிதறிக் கிடந்த கேமராவை ஒரு தரம் பார்த்தாள். ஆனாலும் அவள் கேட்டது கேமராவைப் பற்றி இல்லை. வெள்ளத்தாய் இப்போது வீட்டிலா இருக்கிறாள் என்றுதான் கேட்டாள்.

காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறிவிட்டாள் என்றான் தனுஷ்கோடி. ஆண்டாளைக் கும்பிடப் போகிறேன் என்றாளாம்.

ஞானபாக்கியம் மூச்சை இழுத்து விட்டாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப படமும் அங்கதான் போயிருக்கு.”

“கேட்டீகளா மச்சான்? அந்த ஊர்லதான் எவனோ இருக்கான். நான் சொன்னப்ப நீங்க நம்பலையே.”

கருத்தப்பாண்டி உள்ளே வந்தான். வரும் வழியெல்லாம் தங்கச்சியை வெட்டிப் போடுகிற ஆத்திரத்தோடு பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவன். இப்போது குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“அக்கா, மறைக்காமச் சொல்லுங்க. எங்க வீட்டுப் பிள்ளை முகம் எவன் கையில இருக்கு?”

ஞானபாக்கியம் எழுந்து நின்றாள். தனுஷ்கோடியைப் பார்த்துக்கொண்டே கருத்தப்பாண்டிக்குப் பதில் சொன்னாள்.

“கோர்ட்டு வக்கீல் கையில இருக்கு தம்பி. நான் எடுத்தது அவ முகத்தை இல்ல, முதுகை.”