லேட்டாகிற பிளைட் உண்டுமா?

"அண்ணாச்சி, டெல்லியில இருந்து திரும்பி வாறதுக்கு, லேட்டாகிற பிளைட் ஏதாவது உண்டுமா?"

கருங்கல் சந்தைக்கு எதிர்ல பதினெட்டு வருசமா டிக்கெட் போடுகேன். துபாய்க்கும் குவைத்துக்கும் ஆளேத்தி விட்டே எனக்கு முடி கொட்டிப் போச்சு. இப்படி ஒரு கேள்விய எவனும் கேட்டதில்ல.

கேட்டது ராகேல். மாப்பிள்ள குவைத்துல. இவ பிள்ளைகளயும் மாமியாரயும் பாத்துக்கிட்டு ஊர்ல இருக்கா.

"லேட்டாகாத பிளைட்டுன்னு சொல்லு மக்கா."

"இல்ல அண்ணாச்சி. லேட்டாகிறதுதான் வேணும். கேன்சலே ஆனாலும் சரி."

"யாருக்கு?"

"எங்க மாமிக்கு. செவ்வாய்க்கிழம போய் வியாழக்கிழம திரும்புகது மாதிரி."

அவளுக்க மாமி ஜெயபாய் அக்காவ எனக்கு நல்லாத் தெரியும். அறுபத்தஞ்சு வயசு. மகன வழியனுப்ப ஏர்போர்ட் வாசல் வரைக்கும் போயிருக்கா, பிளைட்ல ஏறினதில்ல.

"கூட யாரு போறா?"

"தனியாட்டுதான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கே."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துது. ஜனவரி மாசம் டெல்லிப் பனிய நம்பி நான் யாருக்கும் காலை பிளைட் போட மாட்டேன். மத்தியானம் போடுவேன், கடைசில ஒரு நாளச் சும்மா விட்டு வைப்பேன். எனக்கிட்ட டிக்கெட் எடுத்து ஒருத்தன் கல்யாணத்தத் தவற விட்டான்னு பேரு கிடையாது.

"காலைல ஆறரை மணிக்கு ஒண்ணு உண்டு. பனி விழுந்தா அதுதான் மொதல்ல படுத்துக்கும். வயசான மனுசிய அந்தக் குளிர்ல ஏர்போர்ட் நாற்காலியில கெடத்தணுமா?"

அவ பர்சத் திறந்து பணத்த எண்ண ஆரம்பிச்சா.

"அதயே போடுங்க. தேதி மாத்துகது மாதிரி டிக்கெட்டா இருக்கட்டு. மெசேஜ் வாறதுக்கு மாமிக்க நம்பர் வேண்டாம், எனக்க நம்பரப் போடுங்க."

ஓகோ, மாமிக்குச் சேதியும் தெரியக் கூடாது. கேட்டபடி போட்டுக் குடுத்தேன். வீட்டுக்குப் போன உடனே பெண்டாட்டிகிட்ட சொன்னேன், "மாமியார ஏர்போர்ட்டுல கொண்டு தள்ளுகதுக்குக் கூட டிக்கெட் கேக்குகாளுவ."

புதன்கிழம சாயங்காலம் ராகேல் போன் பண்ணினா.

"அண்ணாச்சி, நாளைக்கு டெல்லில பனி உண்டா?"

"ஒரு பொட்டும் கிடையாது. பிளைட் கரெக்ட் டைம்." வேணும்ன்னே சந்தோசமாத்தான் சொன்னேன்.

அந்தப் பக்கம் மூக்க உறிஞ்சுகது கேட்டுது.

"என்ன மக்கா?"

"டெல்லியில இருக்க எனக்க நாத்தூன் பிரீனா அழுதிட்டே இருக்கா அண்ணாச்சி. பிள்ள பிறந்து இருபது நாளு. டாக்டர் யாத்திரை கூடாதுன்னு சொன்னதால பேறுகாலத்துக்கு ஊருக்கு வர முடியல. அம்ம கூட நாலு நாளு நிக்கணும்ன்னு அவளுக்கு ஆச."

"நிக்க வேண்டியதுதானே?"

"மாமி கேக்கணுமே. பெண்ணக் கெட்டிக் குடுத்த வீட்டுல ரெண்டு ராத்திரிக்கு மேல தங்கினா மரியாதை இல்லியாம். அங்க பிரீனா மாப்பிள்ளைக்க அம்மையும் கூட இருக்காவ. சம்மந்தக்காரி ஒரு வார்த்த சொல்லிட்டா பிறவு பொறுக்க முடியாதாம். அதுக்காக்கும் நான் பனிய நம்பினேன். பனியால தங்கினா யாரு என்ன சொல்ல முடியும்?"

இந்தப் பிள்ளைய என்னவெல்லாம் நினைச்சிட்டேன். போதாததுக்குப் பெண்டாட்டிகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.

"நீங்க சொன்னா மாமி நம்புவாவ அண்ணாச்சி. ரெண்டே ரெண்டு நாளு போதும்."

பிளைட் காரியத்துல நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. தொண்டையச் செருமிக்கிட்டு ஜெயபாய் அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்.

"அக்கா, நாளைக்குக் காலைல டெல்லில பயங்கரப் பனியாம். பிளைட் கேன்சல். பேடிக்க வேண்டாம், வேற சீட்டு போட்டாச்சு. ஆனா அடுத்த செவ்வாய்க்கிழமைக்குத்தான் கிடைச்சுது."

ராகேல் கேட்டது ரெண்டு நாளு. எனக்க வாயில அஞ்சு நாளு வந்திட்டுது. வந்தது வரட்டுன்னு டிக்கெட்டயும் செவ்வாய்க்கிழமைக்கே மாத்தினேன்.

அடுத்த புதன்கிழம ஜெயபாய் அக்கா ஒரு பெட்டி இனிப்போட கடைக்கு வந்தா. முகத்துல அப்படி ஒரு தெளிவு.

"பிரீனாவுக்கு எண்ணெ தேச்சுக் குளிக்க வச்சேன். பிள்ளைய மடியில போட்டு ஆச தீரக் கொஞ்சினேன். அவ அழுகையும் நின்னுது. எனக்கும் இப்பதான் உயிரு வந்துது தம்பி."

எனக்கும்தான். ஆனாலும் மனசு கேக்கல.

"அங்க பனி எப்படி இருந்துதுக்கா?"

அக்கா கதவுப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டுக் குரலத் தாழ்த்தினா.

"உம்ம சத்தத்துலயே எனக்குப் பாதி தெரிஞ்சுது. வியாழக்கிழம விடிஞ்சு பாத்தா நல்ல பளீர்ன்னு வெயிலு. சம்மந்தக்காரி பாத்தா எனக்க மானம் போயிருமேன்னு, சன்னல் திரைய இழுத்து விட ஓடினேன்."

"பிறவு?"

"அவ எனக்கு முன்னாலயே திரைய இழுத்து விட்டுட்டு, லைட்டயும் போட்டுட்டு நிக்கா தம்பி. 'வெளிய ஒண்ணுமே தெரியல சம்மந்தி, என்னா பனி'ன்னு எனக்கிட்டயே சொல்லுகா."