கல்லில் பட்ட பந்து

ஏரிக்கரை அணிக்கும் களத்துமேட்டு அணிக்கும் நட்பு ஆட்டம். மட்டை பிடிக்கும் பக்கம் மூன்று குச்சி நட்டார்கள். பந்து போடும் பக்கத்துக்குக் குச்சி இல்லாததால் ஒரு கருங்கல்லைத் தூக்கி வைத்தார்கள்.

ஏரிக்கரைக்கு இரண்டு பந்தில் இரண்டு ரன் வேண்டும். கீரி தட்டிவிட்டுக் கல்லை நோக்கி ஓடியது. அது நாலடி தள்ளி இருக்கும்போதே, களத்துமேட்டார் எறிந்த பந்து கல்லின் நெற்றியில் சுளீரென்று பட்டது.

“அவுட்டு!” என்று கத்தியது கல்.

“எது அவுட்டு? நீ விழவே இல்லையே!” என்றது கீரி.

அம்பயர் கொக்கும் ஏரிக்கரை ஆள்தான். “கல்லு அசையலப்பா. ரன்னு உண்டு,” என்றது.

எதிர்ப்பக்கக் குச்சி சொன்னது: “அண்ணே, எங்களைப் பாருங்க. பந்து உரசினாலே படுத்துருவோம், ஊரே எங்களுக்காகக் கத்தும். அடுத்த தடவை நீங்களும் லேசா சாஞ்சிருங்க.”

கல்லுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பட்ட அடி பட்டதுதாண்டா! அதுக்கு நான் விழுந்து வேற காட்டணுமா? போங்கடா!”

கடைசிப் பந்து, இன்னும் ஒரு ரன் வேண்டும். கீரியின் ஜோடி ஓணான் அடித்துவிட்டு ஓடி வந்தது. அது பாதி தூரம் வருவதற்குள், எறிந்த ரப்பர் பந்து கல்லில் மோதி இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பக்கம் விழுந்தது. கல் நின்ற இடத்திலேயே நின்றது.

“இப்பச் சொல்லுய்யா கொக்கு,” என்றது கல். “பட்டுச்சா, படலையா?”

கொக்கு குனிந்து, பிளந்த பந்தைப் புரட்டிப் பார்த்தது. ஓணான் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே வெளியே நடந்தது.