நீலக் கோடு

பிரெட்டில் நான் போட்ட நீலக் கோடு இல்லை.

லென்ஸை வைத்தும் பார்த்தேன். நேற்று மதியம் ஓரத்தில் பேனாவால் மெல்லிசாக இழுத்த கோடு. தானாகக் கோட்டை அழித்துக்கொள்ளும் பழக்கம் எந்த பிரெட்டுக்கும் கிடையாது.

யாரோ துண்டையே மாற்றியிருக்கிறார்கள்.

துண்டைச் சுற்றியிருக்கும் ஃபிலிம் என் தயாரிப்பு. கிழங்கு மாவோடு கிராம்புச் சாற்றைச் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றிக் காயவைத்து உரித்தது. மண்ணில் போட்டால் மக்கிவிடும். உணவைச் சுற்றினால், உள்ளே இருக்கும் கிராம்பு பூஞ்சையை அண்டவிடாது. சாற்றை இரண்டு முறை வடிகட்டியதாக ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன்.

பிரெட் இருபத்தொரு நாள் தாங்கினால் எனக்குப் பட்டம். தாங்காவிட்டால் இதே ஆய்வகத்தில் இன்னொரு வருஷம். இன்று இருபதாம் நாள். நாளை காலை தேர்வாளர் வருகிறார்.

ஒப்பிட்டுப் பார்க்க, சாதா பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்த துண்டுக்கு ஐந்தாம் நாளே பச்சைத் தாடி முளைத்துவிட்டது.

பிரெட்டைப் பூட்டி வைக்கும் அலமாரிக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். இன்னொன்று பக்கத்து மேஜை அக்காவிடம். எனக்கு மூன்று வருஷம் சீனியர். தினமும் வந்ததும், "என்னடா, உன் பிரெட்டுக்கு இன்னும் உயிர் இருக்கா?" என்று கேட்பாள். கேட்கிறவர்கள் அக்கறை என்று நினைப்பார்கள். நான் நினைக்கவில்லை.

அவள் செய்த மஞ்சள் ஃபிலிம் எட்டாம் நாளே காலை வாரிவிட்டது. வயிற்றெரிச்சலுக்கு இது போதாதா?

அதனால்தான் கோடு.

அக்கா வந்தாள். பையைக்கூட மாட்டவிடவில்லை.

"அக்கா, இதை யாரோ மாத்தியிருக்காங்க. நேத்து பேனாவால கோடு போட்டு வெச்சிருந்தேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

"அடப்பாவி, அது கோடா? நீலமா பூஞ்சை பூத்திருச்சுன்னு பதறிப்போய் நேத்து சாயங்காலம் நான்தான்டா வேற பிரெட்டை உன் ஃபிலிம்லயே சுத்தி மாத்தி வெச்சேன். நீ இன்னொரு வருஷம் இங்கயே குப்பை கொட்டினா யாரு தாங்கறது?"

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பெருமையில் நான் நிமிர்ந்து நின்றேன். ஆராய்ச்சியில் நேர்மை முக்கியம் என்று ஆரம்பிக்கவும் செய்தேன்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள்.

"ஆமா, மூணு வாரமா பிரிக்காத ஃபிலிமுக்குள்ள பேனா எப்படிடா போச்சு?"

எனக்கு உடனே லென்ஸில் அவசர வேலை வந்துவிட்டது.

குனிந்தேன். துண்டின் மூலையில் ஒரு கரும்புள்ளி.

அக்கா நேற்று சாயங்காலம்தான் வைத்த துண்டு. ஒரு ராத்திரியில் எந்தப் பூஞ்சையும் வந்து குடியேறாது.

நகத்தால் சுரண்டினேன். பிரெட்டில் இல்லை, ஃபிலிமில் இருந்தது. கையோடு வந்துவிட்டது. முகர்ந்தேன்.

கிராம்பு.

ஒரு முறைதான் வடிகட்டியிருந்தேன்.

"உன்னைத்தான்டா கேக்கறேன்" என்றாள் அக்கா.

ஆறாம் நாள் காலையிலும் இதே மாதிரி ஒரு கரும்புள்ளி. அவள் வருவதற்குள் கடையில் ஓடிப்போய் வேறு பிரெட் வாங்கி, வேறு ஃபிலிமில் சுற்றி வைத்தேன். பிறகு புள்ளி கண்ணில் பட்ட போதெல்லாம் அதே வேலை. கடைசியாக, நேற்று மதியம். சுற்றுவதற்கு முன் கோடு போட்டதும் அப்போதுதான்.

ஆறாம் நாள் நான் குப்பையில் போட்டது நல்ல பிரெட்.