டீச்சர் வளர்த்த சைக்ளமன்

ஆக்னஸ் டீச்சர் சைக்ளமன் என்ற அபூர்வமான பூச்செடியின் விதை ஒன்றைத் தொட்டியில் ஊன்றினார். முளைத்துவிட்டதா என்று தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்தார். இருட்டில்தான் முளைக்கும் அந்த விதை வெளிச்சம் பட்டுப் பட்டு அலுத்துப்போனது.

ஒரு நாள் அதே தொட்டியில் குப்பைமேனி முளைத்தது. சைக்ளமன் வந்துவிட்டதென்று டீச்சர் கிளறுவதை நிறுத்தினார்.

“நான் சைக்ளமன் இல்லைன்னு சொல்லிடட்டுமா?” என்று கேட்டது குப்பைமேனி.

“வேண்டாம்ப்பா. இப்பதான் கொஞ்சம் இருட்டு கிடைச்சிருக்கு. நான் வர்ற வரைக்கும் நீயே நானா இருந்துக்கோ,” என்றது விதை.

இரண்டு மாதம் கழித்து, விதை மெல்ல ஒற்றை இலையை வெளியே நீட்டியது.

“என் சைக்ளமன் பக்கத்துல களையா?” என்று டீச்சர் அதைப் பிடுங்கிப் போட்டார்.

குப்பைமேனி ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் உரம் வந்துவிட்டது.