பொலித்தீன் கழட்டாத செற்றி

"மலரக்கா, செற்றியில கிடக்கிற பொலித்தீனை இண்டைக்குக் கழட்டாமல் நான் வீட்டை போகமாட்டன்!"

வாசலில் சப்பாத்தைக்கூடக் கழட்டி முடிக்கவில்லை, பிரமிளா தொடங்கிவிட்டாள்.

கோபம் வராதா பின்னே? லண்டனில் மிச்சம் என்ற இடத்திலுள்ள சிவமலரின் வீட்டைத் திருத்தியபோது சுவர் நிறத்திலிருந்து திரைச்சீலை வரைக்கும் சொல்லிக் கொடுத்தது அவள்தான். வீட்டு அலங்காரம் பற்றி வீடியோ போடுகிறவள். ஸ்ட்ரெதத்திலிருந்து ஹவுன்ஸ்லோ வரைக்கும் தமிழ்ச் சனம் பெயின்ற் வாளியைத் திறக்க முதல் அவளைத்தான் கேட்கும். இன்றைக்கு இந்த வீட்டை வீடியோ எடுக்கத்தான் கணவன் நிரூபனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

குசினியைப் பார்த்தாள். அவள் சொன்ன அதே வெளிர் பச்சை அலுமாரிகள். படுக்கையறையில் கண்ணைக் குத்துகிற லைட்டை எடுத்துவிட்டு, கட்டிலுக்கு இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்கு. எல்லாம் அச்சொட்டாக அவள் சொன்னபடி.

ஹோலுக்கு வந்தால்தான் மானம் போகிறது. பால் நிறத்தில் அருமையான சோபா செற்றி. கடையில் சுற்றிக் கொடுத்த பொலித்தீன் அரை வருஷமாக அப்படியே கிடக்கிறது. இருந்தால் சரசர என்கிறது.

அந்தச் செற்றியில் இருந்தபடி சிவமலரின் புருஷன் கனகலிங்கம் சிரித்தார்.

"நான் சொல்லிக் களைச்சுப்போனன் பிள்ளை. உவள் சரியான கசவாரம். காசு குடுத்து வாங்கின சாமானைப் பொத்திப் பொத்தி வைப்பாள்."

"செற்றிக்கு மழைக்கோட்டே போட்டிருக்கிறியள் அக்கா?" என்றான் நிரூபன்.

"சொல்லுங்கோ, நல்லாச் சொல்லுங்கோ. ஊத்தை பட்டால் நீங்களே வந்து கழுவுறது?" என்றாள் சிவமலர்.

மூன்று பேருக்கும் தேத்தண்ணி வந்தது. சிவமலர் விரதம். வெக்கைக்கு ஐஸ் கட்டி போட்ட தண்ணிக் கிளாசோடு நின்றாள்.

பிரமிளா கைப்பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்தாள். ஆயத்தமாகத்தான் வந்திருந்தாள்.

"அண்ணை, ஒருக்கா எழும்புங்கோ. அஞ்சு நிமிஷ வேலை."

பாதி எழும்பிய கனகலிங்கம் திரும்பவும் இருந்துவிட்டார். மனைவியைப் பார்த்தார். சிரிப்பைக் காணவில்லை.

"தொடாதை!"

சிவமலர் போட்ட சத்தத்தில் பிரமிளாவின் கை அந்தரத்தில் நின்றது. ஓடிவந்த வேகத்தில் சிவமலரின் கிளாஸ் சரிந்து, தண்ணியெல்லாம் கனகலிங்கத்தின் மடியில் கொட்டுண்டது.

"ஐயையோ, என்ர கைக்கு என்ன கேடு! எழும்புங்கோப்பா, போய் உடுப்பை மாத்துங்கோ."

"பாத்தியளே, என்னைக் குளிப்பாட்டிப்போட்டாள்!" என்றபடி அவர் மெல்ல எழும்பி மாடிக்குப் போனார்.

"இப்ப விளங்குதே, ஏன் பொலித்தீன் எண்டு?" சிவமலர் துணி எடுக்கக் குசினிக்குள் ஓடினாள்.

பிரமிளாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு செற்றிக்காக வீட்டுக்கு வந்த ஆட்களை இப்படியா விரட்டுவது? இவ்வளவு செலவழித்து வீட்டைச் செய்தும் அனுபவிக்கக் குணமில்லையே! வீடியோவும் போச்சு. புறுபுறுத்துக்கொண்டே மேசையில் கிடந்த ரிஷ்யூ பேப்பரை உருவி, அவர் இருந்த இடத்தைத் துடைக்கக் குனிந்தாள்.

கை அப்படியே நின்றது.

கொட்டினது ஐஸ் தண்ணி. பொலித்தீனில் தேங்கிக் கிடந்தது இளஞ்சூடாக இருந்தது. மெல்லிய நெடியும் வந்தது.

போன வருஷம் கனகலிங்கத்துக்கு அடிவயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு அவர் கோயிலுக்கோ கலியாணவீட்டுக்கோ ஏன் வருவதில்லை என்று ஒருத்தரும் யோசித்ததில்லை, பிரமிளா உட்பட. மனுஷன் நாலு பேரோடு இருந்து சிரிக்கிறதென்றால் இந்தச் செற்றியில்தான். அவரின் மானத்தைக் காப்பாற்றத்தான் கசவாரப் பட்டத்தைச் சிவமலர் தானாகவே தலையில் தூக்கி வைத்திருக்கிறாள். அந்தக் கிளாசும் தானாகச் சரியவில்லை.

துணியோடு வந்த சிவமலர் பிரமிளாவின் கையிலிருந்த ரிஷ்யூவைக் கண்டு வாசலிலேயே நின்றாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பிரமிளா துணியை வாங்கி, மிச்சத்தையும் தானே துடைத்தாள்.

இது ஒன்றும் தெரியாத நிரூபன் கத்திரிக்கோலைக் கையில் எடுத்தான்.

"அக்கா பேசினால் பேசட்டும், நான் வெட்டுறன். பாவம், அண்ணை தன்ர வீட்டில எண்டாலும் வசதியா இருக்கட்டும்."

வேறு சாரம் உடுத்துக்கொண்டு இறங்கிவந்த கனகலிங்கம் படியிலேயே நின்றுவிட்டார்.

பிரமிளா கத்திரிக்கோலைப் பறித்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"உங்களுக்கு உதுகளைப் பற்றி என்னப்பா தெரியும்? சும்மா இருங்கோ. லண்டனில இப்ப இதுதான் புது ஸ்டைல்."

பிறகு படியைப் பார்த்துச் சொன்னாள்:

"எங்கட செற்றிக்கும் நாளைக்கே பொலித்தீன் போடப்போறன் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை அக்காவோட சாப்பிட வாங்கோ. நீங்கள்தான் முதல்ல வந்து இருந்து பாத்துச் சொல்லோணும்."