எஞ்சின் போட்ட தொப்பி

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரச் சோதனைக் கூடத்தில், போர்ப்படகுக்கான டீசல் எஞ்சின் ராப்பகலாக உறுமிக்கொண்டிருக்கிறது. காற்றை உறிஞ்சித் திணிக்கும் சூப்பர்சார்ஜரின் வாயருகே போய் நிற்கிறார் கடற்படை அதிகாரி வெண்ட்லாண்ட். "ஐயா, தள்ளி நில்லுங்க!" என்று கத்துகிறான் மெக்கானிக் ஓட்மார். "ஆகாயக் கப்பல் எஞ்சினோட வாரிசாமே? கடல்ல வந்து என்னத்தக் கிழிக்கப் போவுது?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, அவருடைய சரிகைத் தொப்பி பறந்துபோய் எஞ்சின் வாயிலுள்ள காற்று வலையில் அப்பிக்கொள்கிறது. அந்நேரம் பார்த்து அட்மிரல் நுழைகிறார். தொப்பியை எடுக்க எஞ்சினை நிறுத்தினால் சோதனை பாழ். தொப்பியில்லாமல் சல்யூட் வைக்கக் கூடாது. வெண்ட்லாண்டின் கை அந்தரத்தில் தவிக்கிறது. ஓட்மார் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்குகிறான். அட்மிரல் வெண்ட்லாண்டின் வழுக்கையைப் பார்க்கிறார், வலையைப் பார்க்கிறார். பிறகு எஞ்சின் பக்கம் திரும்பி, விறைப்பாக ஒரு சல்யூட் வைக்கிறார்.